காலையில் போய் மத்தியானம் வந்த காற்று

அந்த மார்கழியில் சிங்காநல்லூரில் அடித்த குளிர் சாதாரணக் குளிர் இல்லை. பால்காரரின் முகத்தையே யாரும் பார்க்கவில்லை. மப்ளருக்குள்ளிருந்து இரண்டு கண்கள் மட்டும் வந்து பால் ஊற்றிவிட்டுப் போயின. தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் எண்ணெய், ‘நான் வரமாட்டேன், போ’ என்று உள்ளேயே உட்கார்ந்துகொண்டது. தெருவில் இருந்த ஒரே சேவல், கூவுகிற வேலையை வெயில் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுவிட்டது.

இத்தனை குளிரிலும் ஒருவர் மட்டும் விடியற்காலையில் எழுந்து கார் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கோவிந்தராஜுலு மாமா. மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கார் புத்தம் புதியது. அவர் துடைத்த துடைப்பில் அது எப்படிப் பளபளத்தது தெரியுமா? காக்கைகள் அதன் முன்னால் வரிசையில் நின்று முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டன.

ஒரு நாள் காலை மாமா காரைக் கிளப்பினார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் சின்னதாக ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. பானைக்குள் யாரோ ஓர் ஆச்சரியக்குறியைப் போட்டு வேகவைப்பது போல இருந்தது அந்தப் படம்.

“கோமளா!” என்று மாமா அலறினார். “காரு பொங்கல் வெக்குது!”

“பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்குதுங்களே!” என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார் கோமளா அத்தை.

மாமா காரோடு வந்த புத்தகத்தைப் புரட்டினார். டயரில் காற்று குறைந்தால் அந்த விளக்கு எரியும் என்று போட்டிருந்தது. இறங்கி ஒவ்வொரு டயரையும் குனிந்து பார்த்தார். நான்கும் ஒன்றும் தெரியாத பிள்ளைகள் போல நின்றன. ஆணி இல்லை, முள் இல்லை.

சரி என்று காரை எடுத்துக்கொண்டு போனார். பேங்கு, காய்கறிக் கடை, நண்பர் வீடு என்று ஊரெல்லாம் சுற்றினார். மத்தியானம் பெட்ரோல் பங்கில் நிறுத்தினார். பார்த்தால் விளக்கைக் காணோம்! காற்று அடிப்பவர் அளந்து பார்த்துவிட்டு, “எல்லாம் கரெக்டா இருக்குதுங்கய்யா” என்றார்.

மறுநாள் காலை மறுபடியும் விளக்கு. மத்தியானம் மறுபடியும் “கரெக்டா இருக்குதுங்கய்யா.”

அதற்கடுத்த நாளும் அப்படியே. மாமாவுக்குத் தூக்கம் போயிற்று, பசி போயிற்று. நாலு இட்லியோடு எழுந்துகொள்ள ஆரம்பித்தார். அவரைப் பொறுத்தவரை அது பட்டினி.

“யாரோ காத்தப் புடுங்கறாங்க கோமளா,” என்றார். “யாருன்னு கண்டுபுடிக்காம உடமாட்டேன்.”

வெள்ளிக்கிழமை காலையில் கண்டுபிடித்தும்விட்டார். அதாவது, அப்படி நினைத்துக்கொண்டார்.

வாசல் கதவைத் திறந்தபோது, பக்கத்து வீட்டு மதன்குமார் காரின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் ஒரு கை சக்கரத்துக்குப் பின்னால் இருந்தது.

மாமாவுக்கு ஒரு குணம். கோபம் ஏற ஏற அவருக்கு மரியாதையும் ஏறும். லேசான கோபம் என்றால் ‘வாப்பா’ என்பது ‘வாங்க’ ஆகும். முழுக் கோபம் வந்துவிட்டால் பூனையைக்கூட ‘போங்க’ என்றுதான் விரட்டுவார்.

“ஏனுங்க தம்பி,” என்றார் ஐந்தாம் வகுப்பு படிக்கும் மதனைப் பார்த்து. எதிர்வீட்டு வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஃபர்சானாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது, மதன் மாட்டிக்கொண்டான் என்று.

மதனுக்கும் ஒரு குணம் இருந்தது. பெரியவர்கள் பேசும்போது நடுநடுவே ‘ஆமாங்க’ போடுவான். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் போடுவதுதான். ஆனால் மதனுக்கு அது மூச்சு மாதிரி, தானாக வரும். அவன் பிறந்தபோது டாக்டர் “பையன்” என்றதும் “ஆமாங்க” என்றானாம். அவன் அம்மாவே சொல்வார்.

“வெடியால எந்திரிக்கறது நல்ல பழக்கமுங்க,” என்றார் மாமா.

“ஆமாங்க.”

“ஆனா அடுத்தவங்க வண்டிகிட்ட உக்காந்து நோண்டறது தப்புங்க.”

“ஆமாங்க.”

“புது வண்டிங்க இது.”

“ஆமாங்க.”

“தெனமும் இதுல காத்தப் புடுங்கறது நீங்கதானுங்க.”

“ஆமாங்...”

மதன் வாயைப் பொத்திக்கொண்டான். ஆனால் முக்கால்வாசி ‘ஆமாங்க’ வெளியே வந்துவிட்டது. மிச்சக் கால்வாசியை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

“உண்மைய ஒத்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றிங்க,” என்றார் மாமா. “ஞாயித்துக்கெழமை தாராபுரத்துக்கு நீங்க வர வேண்டாமுங்க. உங்களுக்குப் பதிலா தேஜஸ்ரீ வரட்டுமுங்க.”

ஃபர்சானாவின் வாயில் இருந்த பேஸ்ட் நுரை அப்படியே நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தாராபுரத்தில் சிறுவர்களுக்கான இரட்டையர் கேரம் போட்டி. ஃபர்சானாவும் மதனும் ஒரு ஜோடி. கோடை விடுமுறையிலிருந்தே ஆடிப் பழகி வந்தார்கள். அவர்கள் ஆடிய ஆட்டத்தில் மதன் வீட்டு கேரம் போர்டு தேய்ந்து, பவுடர் இல்லாமலே வழுக்க ஆரம்பித்திருந்தது. அவர்களைக் கூட்டிப்போவதாகச் சொல்லி, பெயர் கொடுத்ததும் மாமாதான்.

அடுத்த தெரு தேஜஸ்ரீ நல்ல பெண். ஆனால் போன வாரம் அவள் அடித்த ஸ்ட்ரைக்கர் போர்டைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, சாம்பாரில் போய் விழுந்தது.

பள்ளிக்கூடம் போகும் வழியில் ஃபர்சானா மதனை நிறுத்தினாள்.

“நெசமாச் சொல்லு. நீயா புடுங்குன?”

“இல்ல ஃபர்சு! ஸ்ட்ரைக்கர் உருண்டு காருக்கு அடில போயிருச்சு. அத எடுக்கத்தான் கைய உட்டேன்.”

“அப்புறம் எதுக்கு ஆமாங்கன்னு சொன்ன?”

“பெரியவங்க பேசறப்ப சும்மா நின்னா திமிருன்னு சொல்லுவாங்கல்ல? அதான் சொல்லிட்டே இருந்தேன். கடைசி ஒண்ணு தெரியாம வந்துருச்சு.” அவன் பையிலிருந்து ஸ்ட்ரைக்கரை எடுத்து நீட்டினான். “இந்தா. தேஜஸ்ரீகிட்டக் குடு. லேசாத் தட்டச் சொல்லு.”

அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது. ஃபர்சானா ஸ்ட்ரைக்கரைத் திரும்ப அவன் பைக்குள்ளேயே போட்டாள்.

“நீதான் என்ற கூட ஆடப்போற. சாயங்காலம் மாமா ஊட்டுக்கு வா.”

சாயங்காலம் மாமா வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். மதனைப் பார்த்ததும், “வாங்க, உக்காருங்க,” என்றார். கோபம் இன்னும் இறங்கவில்லை.

ஃபர்சானா உள்ளே போய் கோமளா அத்தையின் காதில் ஏதோ சொன்னாள். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார்.

“ஏங்கண்ணு மதனு, குளுரு ரொம்பத்தான் அடிக்குது.”

“ஆமாங்க.”

“சிங்காநல்லூர்க் கொளத்துல தண்ணி கொறஞ்சுபோச்சாமா.”

“ஆமாங்க.”

“நேத்து நீதான் பாதிக் கொளத்த ஒரே மடக்குல குடிச்சுப்போட்டியாமா.”

“ஆமாங்க.”

மாமா நிமிர்ந்து பார்த்தார்.

“மிச்சத்தை உன்ற கல்யாணத்துக்குன்னு வெச்சிருக்கறியாமா. கொக்குதான் பொண்ணாமா.”

“ஆமாங்... ஐயோ அத்தை!”

அத்தை சிரித்த சிரிப்பில் மாடத்தில் இருந்த புறாக்கள் எல்லாம் போத்தனூருக்குப் பறந்துபோயின. மாமா சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்தார். ஆனால் மீசை சொன்னபடி கேட்கவில்லை, அது தனியாக ஆடிற்று.

“சரிங்க,” என்றார் கடைசியில். “அந்த ஆமாங்க, ஆமா இல்லீங்க. ஒத்துக்கறேன். ஆனா காத்து போனது போனதுதானுங்களே? அதுக்கு என்ன சொல்றீங்க?”

“மத்தியானம் காத்து சரியாயிருதுன்னு நீங்கதானுங்க மாமா தெருவுல எல்லார்கிட்டயும் சொன்னீங்க?” என்று கேட்டாள் ஃபர்சானா.

“ஆமா.”

“காலைல திருடிப்போட்டு, மத்தியானம் திருப்பிக் குடுக்கறவன் திருடனுங்களா? அதுவும் நீங்க வண்டிய ஓட்டிட்டே இருக்கறீங்க. மதன் சைக்கிள் பம்ப்பைத் தூக்கிட்டுப் பின்னாடியே ஓடி வந்து அடிக்கணும்.”

மாமா யோசித்தார். மதன் பம்ப்போடு காருக்குப் பின்னால் ஓடுவதைக் கற்பனை செய்து பார்த்திருப்பார் போல. ஆனாலும் மனம் ஆறவில்லை.

“அப்ப யாருங்க?”

அது ஃபர்சானாவுக்கும் தெரியவில்லை. ஆனால் ஒரு யோசனை வந்தது. “நாளைக்கு ராத்திரி மதன் உங்க ஊட்டுலயே படுக்கட்டுமுங்க. கதவைப் பூட்டிச் சாவிய நீங்களே வெச்சுக்குங்க. அப்பவும் காலைல வெளக்கு எரிஞ்சா, மதன் இல்லைன்னு ஆயிரும்ல?”

“தாராளமாப் படுக்கட்டும்,” என்றார் அத்தை உடனே. “நான் பணியாரம் சுட்டுத் தாரேன்.”

“கைதிக்குப் பணியாரமா?” என்றார் மாமா.

“உங்களுக்கும் தாரேனுங்க.”

அதற்குமேல் மாமா எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை.

அன்று ராத்திரி ஃபர்சானாவின் தம்பி அஃபானுக்கு ஐந்தாவது பிறந்தநாள். கேக் வெட்டினார்கள். ஜன்னல் கம்பி முழுக்கச் சிவப்பு பலூன் கட்டினார்கள். ஒவ்வொன்றும் பூசணிக்காய் போலக் கும்மென்று இருந்தது.

சனிக்கிழமை காலையில் ஃபர்சானா எழுந்து பார்த்தாள். ஜன்னல் வழியாகக் குளிர் காற்று வந்துகொண்டிருந்தது. பலூன்கள் எல்லாம் கனிந்த தக்காளி போலத் தொளதொளவென்று தொங்கின.

“டேய் அஃபான்! எல்லாப் பலூன்லயும் காத்த எறக்கி உட்டுட்டியாடா?”

அஃபான் போர்வையை விலக்கி எழுந்தான். “நான் தொடவே இல்ல!” என்றான். கீழ் உதடு பிதுங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

ஃபர்சானாவுக்குச் சுருக்கென்றது. நேற்று மாமா எப்படிப் பேசினாரோ, அதையேதான் இப்போது அவளும் செய்திருக்கிறாள். முடிச்சுகளைப் பார்த்தாள். அவள் போட்ட முடிச்சுதான், ஒன்றுகூட அவிழவில்லை.

“நீ இல்லடா. அக்கா தப்பாச் சொல்லிப்போட்டேன்,” என்று மிச்சமிருந்த கேக்கில் பெரிய துண்டை அவனுக்கு எடுத்துக் கொடுத்தாள். அஃபானின் கண்ணீர் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

மத்தியானம் ஜன்னலில் வெயில் விழுந்தது. ஃபர்சானா தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள்.

பலூன்கள் மறுபடி கும்மென்று நின்றன!

யாரும் ஊதவில்லை. யாரும் தொடவில்லை. காலையில் போன காற்று மத்தியானம் தானாகத் திரும்பி வந்திருக்கிறது. மாமாவின் காரில் வருவது போலவே!

அவள் ஒரு பலூனைக் கழற்றி ஃபிரிட்ஜில் வைத்தாள். சற்று நேரம் கழித்து சமையலறையிலிருந்து அம்மா நிலோஃபரின் குரல் தெருமுனை வரை கேட்டது.

“யா அல்லாஹ்! கத்திரிக்காய்க்குப் பக்கத்துல என்ன இது? யாரோ தலைய வெச்சிருக்கறாங்க!”

“பலூன்தாம்மா! சுருங்கியிருக்குதா?”

“நான்தான் சுருங்கிப்போயிட்டேன்! எடுடி அதை!”

பலூன் சுருங்கித்தான் இருந்தது. வெயிலில் வைத்தாள், உப்பியது. மறுபடி ஃபிரிட்ஜ், சுருங்கியது. ஃபர்சானா குதித்த குதியில் தெருமுனையில் இருந்த பாத்திரக் கடையின் குடங்கள் எல்லாம் ஒருமுறை எழுந்து உட்கார்ந்தன.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில், ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனாள். கையில் ஒரு பலூன். ராத்திரி முழுக்க மொட்டைமாடியில் கட்டி வைத்திருந்தது. அது தொளதொளவென்று ஆகியிருந்தது.

சோபாவில் மதன் தூங்கிக்கொண்டிருந்தான். அத்தை அவனுக்கு மூன்று போர்வை போர்த்தியிருந்தார். மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. பணியாரம் நன்றாக இருந்திருக்க வேண்டும், தூக்கத்திலும் மென்றுகொண்டிருந்தான்.

மாமா காருக்குள் உட்கார்ந்திருந்தார். முகத்தில் மஞ்சள் வெளிச்சம்.

“எரியுது அம்மணி,” என்றார் மெதுவாக. “சாவி என்ற தலகாணிக்கு அடில இருந்துச்சு. பையன் ஒரு தடவ பொரண்டுகூடப் படுக்கல.”

“காத்த யாருமே எடுக்கலீங்க மாமா. குளுந்தா காத்து சுருங்கிக்குது. இங்க பாருங்க.”

அத்தை குளிப்பதற்கு வைத்திருந்த வெந்நீர் வாளியில் ஃபர்சானா பலூனைப் போட்டாள். குவளையால் மொண்டு மொண்டு அதன் மேல் ஊற்றினாள். தொளதொளத்த பலூன் மெல்ல மெல்ல உப்பி, கும்மென்று உருண்டது.

மாமாவின் வாய் திறந்தது. அத்தையின் வாயும் திறந்தது. அப்போதுதான் எழுந்து வந்த மதனின் வாய் கொட்டாவிக்காக ஏற்கெனவே திறந்திருந்தது.

“காத்து அடிக்கறது எப்பங்க மாமா?” என்று கேட்டாள் ஃபர்சானா.

“மத்தியானம். ஊரெல்லாம் சுத்திப்போட்டு வாரப்ப.”

“அப்ப வெயிலு. ஓடி ஓடி டயரும் சூடா இருக்கும். உள்ள இருக்கற காத்து உப்பி நிக்குது. அளந்தா சரியா இருக்கற மாதிரி காட்டுது. காலைல குளுந்ததும் கொறஞ்சு போயிருது.”

மாமா நெற்றியில் தட்டிக்கொண்டார். காரின் கதவை அகலமாகத் திறந்து, ஓட்டுநர் இருக்கைப் பக்கம் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் காற்றை அளக்க வேண்டும் என்று அங்கே எழுதியிருந்தது.

“ஏனுங்க,” என்றார் அத்தை, “அந்த ஸ்டிக்கரைத் தெனமும் நீங்கதானுங்களே தொடைக்கறீங்க?”

“தொடைச்சேன் கோமளா. படிக்கல.”

பங்கு பக்கத்திலேயேதான் இருந்தது. டயர் சூடாகாமல் மெதுவாக ஓட்டிப் போனார்கள். மாமா ஓட்டிய மெதுவில், கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் ஒருவர் கார் வருவதைப் பார்த்துவிட்டு, தேர்க்கோலம் ஒன்றை முழுசாகப் போட்டு முடித்தார்.

காற்று அடிப்பவர் அளந்தார். “என்னுங்கய்யா இது, நாலுலயும் கொறச்சலா இருக்குது! ராத்திரி யாராச்சும் புடுங்கி உட்டாங்களா?”

“மார்கழி புடுங்கிருச்சு தம்பி,” என்றார் மாமா.

காற்று ஏறியது. கொஞ்ச தூரம் போனதும் மஞ்சள் விளக்கு அணைந்தது. மாமா உடனே காரை ஓரமாக நிறுத்தினார். பின்சீட்டில் இருந்த மதனைத் திரும்பிப் பார்த்தார்.

“உன்ன நான் கேட்டிருக்கோணும். நானே பேசிட்டே இருந்துபோட்டேன். என்னை மன்னிச்சுரு கண்ணு.”

மதன் காதைத் தேய்த்துக்கொண்டான். ஒரு ‘ங்க’ கூட இல்லை! “பரவால்லீங்க மாமா,” என்றான். அப்புறம் கொஞ்சம் தைரியம் வந்து, “முன்னாடி சீட்டுல உக்காந்துக்கட்டுங்களா?” என்று கேட்டான்.

“வாடா, வா.”

தாராபுரத்தில் அன்று எத்தனை பேர் கூடினார்கள் என்கிறீர்கள்! அமராவதி ஆற்று மீன்களைத் தவிர எல்லோரும் வந்திருந்தார்கள். முதல் ஆட்டத்தில் ஃபர்சானாவும் மதனும் வென்றார்கள். இரண்டாவதில் மதன் மூன்று காய்களை ஒரே அடியில் மூன்று குழிகளுக்கு அனுப்பினான். மாமா எழுந்து நின்று விசில் அடித்ததில் நடுவர் தன் பேனாவைக் கீழே போட்டார். அரையிறுதியில் கடைசிக் காய் குழியின் விளிம்பில் நின்று யோசித்தது. ஃபர்சானா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். காய் ஒருவழியாக மனம் வைத்து உள்ளே விழுந்தது.

இறுதிப்போட்டியில் தோற்றார்கள். எதிரே ஆடிய ஹாரிகாவும் அவள் தோழியும் அத்தனை அழகாக ஆடினார்கள். மதனே ஆட்டத்தின் நடுவில் இரண்டு முறை கை தட்டிவிட்டான்.

இரண்டாம் பரிசாக ஒரு கோப்பை கிடைத்தது. மாமா அதைத் தூக்கி வந்த விதத்தைப் பார்த்தவர்கள், அதில் அமராவதி அணையே நிரம்பியிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

கோப்பையை எங்கே வைப்பது? மதன் மடியில் வைக்கலாம் என்றான். ஃபர்சானா தன் மடியில் என்றாள். மாமா இரண்டு பேரையும் கேட்கவில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால், தனக்கு நேர் எதிரே நட்டுவைத்தார். எண்களும் விளக்குகளும் எல்லாம் கோப்பைக்குப் பின்னால் மறைந்துபோயின.

“மாமா, அங்க வெச்சா வெளக்கு எரியறது எப்படித் தெரியும்?” என்று கேட்டாள் ஃபர்சானா.

“எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகட்டும் அம்மணி,” என்றார் மாமா. “நான் கோப்பையப் பாத்துட்டு வாரேன்.”

“அப்படியெல்லாம் ஓட்டக்கூடாதுங்க!” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தி, கோப்பையைப் பிடுங்கிப் பின்சீட்டில் வைத்து, அதற்கு சீட் பெல்ட்டையும் போட்டுவிட்டார்கள். மாமா வழி நெடுகக் கண்ணாடியில் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, ஓர் ஆட்டுக்குட்டிகூட முந்திப் போகும் வேகத்தில், ஊர் வந்து சேர்ந்தார்.